முப்பது நாளில் ஒரு நாவல் - ஒரு வரவு செலவுக் கணக்கு

நவம்பர் மாதத்துக்கு முப்பது நாள். அதற்குள் 50,000 சொற்களில் ஒரு நாவலின் முதல் பிரதியை எழுதி முடிக்க வேண்டும். நடுவர் கிடையாது. எழுதியதை யாரும் படித்து மார்க் போடப் போவதும் கிடையாது. முடித்தால் முடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இதற்குப் போய் உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

இதன் பெயர் நானோரைமோ. 1999-ல் அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டி என்பவர் (பெயரே அதுதாங்க, நேர்காணல் இல்லை!) நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தார். முதல் வருடம் மொத்தமே 21 பேர், மாதமும் ஜூலை. அடுத்த வருடம்தான் நவம்பருக்கு மாற்றினார்கள். நவம்பரில் வெளியே வானிலை மோசமாக இருக்கும், வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதலாம் என்பது காரணம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். அக்கவுண்டன்சி புத்தகத்தில் கணக்கு ஆரம்பிக்கிற மாதிரியே ஆரம்பிக்கலாம். நெமிலிச்சேரியில் இருக்கும் ஒரு பி.காம். மாணவி இந்தச் சவாலை எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் இருக்கிற ஸ்டேஷன். மின்சார ரயிலில் சென்ட்ரல் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலேஜ், டியூஷன், வீட்டு வேலை எல்லாம் போக, அவளுக்கென்று மிஞ்சுவது அந்த ரயில் நேரமும் ராத்திரி கொஞ்ச நேரமும்தான். இந்த முதலீட்டில் அவளுக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்?

பாடம் 1: நாவல் பயமுறுத்தும், நாள் கணக்கு பயமுறுத்தாது

50,000-ஐ முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,667 சொல். முடியாத வேலை மாதிரி தெரிந்தது சட்டென்று ஒரு நாள் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் இதில் கடன் மாதிரி ஒரு குணம் இருக்கிறது. முதல் மூன்று நாள் எழுதாமல் விட்டால் பாக்கி நாட்களில் தினம் 1,852 எழுத வேண்டும். பத்து நாள் விட்டால் தினம் 2,500. "ஞாயித்துக்கிழமை சேர்த்து எழுதிக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படிக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாடம் 2: எழுதுகிறவரும் திருத்துகிறவரும் ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடாது

முதல் பத்தியையே பத்து முறை அடித்து எழுதினால் முப்பது நாளும் அதிலேயே போய்விடும். இந்தச் சவால் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: மோசமாக இருந்தாலும் மேலே போ, திருத்துவது அடுத்த மாத வேலை. நிறைய பேருக்குக் கதை எழுத வராததற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. முதல் பக்கத்திலேயே தனக்குத் தானே ஃபெயில் மார்க் போட்டுக்கொள்வதுதான்.

பாடம் 3: அளவுகோல் நம்முடையதாக இருக்க வேண்டும்

50,000 என்பது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் வைத்த எண். தமிழ் வேறு மாதிரி. "மழை பெய்துகொண்டிருந்ததால் வரமுடியவில்லை" என்பது மூன்று சொல். இதையே ஆங்கிலத்தில் சொன்னால் எட்டுச் சொல் ஆகிவிடும். இன்னும் வேடிக்கை, தமிழிலேயே "மழை பெய்து கொண்டு இருந்ததால் வர முடியவில்லை" என்று இடம் விட்டு அடித்தால் ஆறு சொல். ஸ்பேஸ் பாரைத் தட்டியே பாதி நாவலை முடித்துவிடலாம் போலிருக்கிறது! ஆகவே தமிழில் எழுதுகிறவர் சொல்லை எண்ணுவதை விட, தினம் இரண்டு பக்கம் என்று வைத்துக்கொள்வதுதான் நேர்மை. மாதக் கடைசியில் அறுபது பக்கம் கையில் இருக்கும்.

மாதமும் அப்படித்தான். அங்கே மழையும் குளிரும் ஆளை எழுத உட்கார வைக்கும். இங்கே நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை, தெருவில் தண்ணீர், கரண்ட் கட். போதாததற்கு செமஸ்டர் பரீட்சை வேறு. நெமிலிச்சேரி மாணவி நவம்பரில் எழுதி அரியர் வைப்பதை விட மே மாதத்தில் எழுதுவது புத்திசாலித்தனம். மே மாதத்துக்கு ஒரு நாள் போனஸும் உண்டு!

பாடம் 4: யாராவது காத்திருந்தால் பேனா ஓடும்

நமக்கு இது புதுசும் இல்லை. கல்கி 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் பத்திரிகையில் எழுதியதுதான் பொன்னியின் செல்வன். ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் தேதி தொடங்கி 2020 ஜூலை வரை இணையத்தில் நாள்தோறும் அத்தியாயம் வெளியிட்டு, வெண்முரசை 26 நாவல்களாக முடித்தார். ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் ஆயிரத்தைத் தாண்டும். கெடு வைத்து எழுதியதால் இவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. அடுத்த அத்தியாயம் எங்கே என்று கேட்க வாசகர்கள் இருந்தார்கள். அந்த மாணவிக்கு வாசகர்கள் கிடையாது. "இன்னிக்கு எழுதினியாடி?" என்று ரயிலில் தினம் கேட்கிற ஒரு தோழி போதும்.

பாடம் 5: முப்பதாம் நாள் கையில் இருப்பது பாதி முடிந்த சரக்கு

அதைக் கடைக்கு அனுப்ப முடியாது. எரின் மார்கன்ஸ்டெர்னின் 'தி நைட் சர்க்கஸ்' இப்படி நவம்பர்களில் எழுதிச் சேர்த்த பக்கங்களிலிருந்து பிறந்த நாவல். ஆனால் பல முறை திருத்தி எழுதிய பிறகுதான் 2011-ல் புத்தகமாக வந்தது. ஒரு மாதம் தருவது மூலப்பொருள் மட்டுமே. நாவலாக்குவதற்கு இன்னும் எத்தனையோ மாதங்கள் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் டிசம்பர் ஒன்றாம் தேதியே பதிப்பகத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கடைசியாக ஒரு செய்தி. நானோரைமோவை நடத்திய அமைப்பு, பண நெருக்கடியைச் சொல்லி, தன்னை மூடிக்கொள்வதாக 2025 மார்ச் கடைசியில் அறிவித்துவிட்டது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அதன் மீது பல சர்ச்சைகளும் எழுந்திருந்தன. ஆனால் யோசித்துப் பார்த்தால் மூடப்பட்டது ஆபீஸ் மட்டும்தான். முப்பது நாளும் அப்படியேதான் இருக்கிறது, இரண்டு பக்கக் கணக்கும் அப்படியேதான் இருக்கிறது. இதற்கு யாரிடமும் பெயர் பதிவு செய்ய வேண்டியதில்லை.

ஐந்தொகையில் மாணவியின் நஷ்டப் பக்கத்தில் கொஞ்சம் தூக்கம், கொஞ்சம் சினிமா. வரவுப் பக்கத்தில் அறுபது பக்கம் சுமாரான கதை, கூடவே தினம் உட்கார்ந்து எழுதும் பழக்கம். முதலாவதற்குத் தேய்மானம் உண்டு, ஒரு வருடம் கழித்துப் படித்தால் அவளுக்கே சிரிப்பு வரும். இரண்டாவதற்குத் தேய்மானம் கிடையாது.

அடுத்த லீவில் முயற்சி செய்து பாருங்களேன்!