சில்லு மாறிய கதை

எமது வயல் 2 ஏக்கர். சென்ற காலபோகத்தின்போது, எமது இரு சில்லு உழவு இயந்திரத்தின் தேய்ந்த சில்லுகளைக் கழற்றி, அம்பு வடிவில் தடித்த வரிகளமைந்த புது ரயர்ச் சில்லுகளை நாமே பூட்டினோம். நாலு நட்டு இறுக்கப் பட்டதாரிக்கு மெக்கானிக் எதற்கு?

மழை சற்றே ஓய்ந்திருந்தது. வயலில் இறங்கிச் சிறிது தூரம் உழுததும், சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்று புதைந்தன. வரிகளுக்கிடையே சேறு அப்பி, புதுச் சில்லு மொட்டைச் சில்லாயிற்று. விற்ற கடைக்காரரை மனத்துள் வைதோம்.

வரம்பில் நின்ற முதிய கமக்காரர், “தம்பி, மேல்பக்கத்திலை அம்புக்கூர் பின்னுக்கெல்லோ பார்க்குது! வலத்தையும் இடத்தையும் மாத்திப் பூட்டுங்கோ” என்றார்.

உண்மையே. மேற்புறத்தில் கூர் முன்னோக்கியிருப்பின், நிலத்தில் அக்கூரே முதலிற் பதிந்து சேற்றை இருபுறமும் ஒதுக்கும். மாறியிருப்பின் நடுவே திரட்டி அடைத்துவிடும். உராய்வு பற்றி ஆண்டுதோறும் கரும்பலகையிற் படம் வரையும் எமக்கு இது தோன்றவில்லை!

சேற்றிற் பலகை வைத்து முட்டுக்கொடுத்து, சில்லுகளை மாற்றுவதற்குள் பொழுது சாய்ந்தது. விடியுமுன் மழை பிடித்துக்கொண்டது. அரை ஏக்கர் விதையாமலே கிடந்தது. மழைதான் காரணமென்று வீட்டிற் கூறிவைத்துள்ளோம்.