பாக்கி நோட்டு

அப்பா காலமானபோது எனக்கு வந்தவை எட்டு விசைத்தறிகளும் ஒரு பாக்கி நோட்டும். தறி ஓட்ட முன்பே தெரியும். நோட்டைப் படிக்கத்தான் வருஷங்கள் ஆயின.

வெண்ணந்தூரில் எங்கள் அடுப்படிக்கு ஒரு சுவர் தள்ளித் தறிக்கூடம். எந்தத் தறி நின்றது என்பது தூக்கத்திலும் கேட்கும். எங்களிடம் தறி ஓட்டிய ஒருவர்தான் எனக்குப் பாவு பிணைக்கக் கற்றுக்கொடுத்தார். விரலில் சாம்பலைத் தொட்டு, பழைய இழையையும் புது இழையையும் ஒரே முறுக்கில் சேர்ப்பார், முடிச்சே தெரியாது. அவர் என்னைத் தம்பி என்பார், நான் அண்ணா என்பேன்.

நோட்டில் அவர் பெயருக்கு நேரே மகள் கல்யாணம், மனைவியின் ஆபரேஷன், ஆடி நோம்பிச் செலவு என்று வாங்கிய முன்பணம். வாராவாரம் பிடித்தும் குறையாத தொகை. வட்டி வாங்குவதில்லை என்பது எங்கள் பெருமை. அந்த வட்டியைக் கூலியில் எடுத்துக்கொண்டோம். மீட்டருக்கு நாங்கள் சொன்னதுதான் விலை. பாக்கி உள்ளவர் பேரம் பேச முடியாது. வேறு கூடத்துக்குப் போவதென்றால் அந்த முதலாளி பாக்கியை எங்களுக்கு அடைத்து, அதைத் தறி ஓட்டுபவர் பெயரில் அங்கே எழுதிக்கொள்வார். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கமும் இதுதான் வழக்கம்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. உழைப்பைக் கட்டிப்போடும் கடன் செல்லாது என்கிறது. கொத்தடிமை என்ற சொல் செங்கல் சூளைக்கும் கல்குவாரிக்கும் உரியது என்று அப்பா நம்பினார். நானும் நம்பினேன்.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 1,000 யூனிட் ஆனது. அதில் மிச்சமானது கூலிக்குப் போனதா என்று நோட்டில் தேடினேன். ஒரு வரி இல்லை. அண்ணாவின் மனைவி சுற்றிய ஊடைநூல் தாருக்கும் கூலி எழுதவில்லை. என் அம்மாவும்தான் தார் சுற்றினார். அவருக்குத் தறிகளாவது சொந்தம்.

ஒரு தீபாவளி போனஸ் பேச்சில், “நாம அண்ணன் தம்பி மாதிரிதானேங்ண்ணா” என்றேன்.

“அண்ணன் தம்பின்னா பாகம் உண்டல்லங்க தம்பி?” என்றார். கோபமில்லாமல் கேட்டார்.

அந்த வாரமே பாக்கியை அடித்துவிட்டேன். மீட்டர் கூலியை ஏற்றி, தாருக்குத் தனிக்கூலி வைத்தேன். ஆறு மாதத்தில் அவர் கூலி அதிகம் கிடைத்த வேறு கூடத்துக்குப் போனார். எனக்கு வலித்தது. ஆனால் பாக்கி இல்லாமல் போனார்.

கூடம் வைத்திருக்கும் சொந்தங்களே, தீபாவளிக் கணக்குக்கு முன் உங்கள் நோட்டை ஒருமுறை முதலிலிருந்து படியுங்கள்.