கறுத்துப்போன மலைவாழைப் பழங்கள்

சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் எங்களைப் பார்த்து, "கொடைக்கானலிலா படிக்கிறீர்கள்? கொடுத்து வைத்தவர்கள்!" என்று சொல்வதுண்டு. அவர்கள் மே மாதக் கொடைக்கானலை மட்டுமே கண்டவர்கள். மார்கழியில் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து குழாய்த் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தால், அந்தக் 'கொடுப்பினை' என்னவென்று விளங்கும்!

நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருப்பதில்லை; சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் பருப்பு வேக நேரமாகிறது. வெந்த சோறோ தட்டில் விழுந்த சில நிமிடங்களில் ஆறிவிடுகிறது. விடுதியில் வாழும் எங்களுக்குச் 'சூடு' என்ற சொல்லைவிட இனிய சொல் வேறில்லை என்றால் மிகையாகாது. சென்ற டிசம்பரில் சூடான ஒரு பழப் பலகாரம் செய்தோம். அதைச் செய்ய நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் தவறுதான். இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

நாங்கள் பதினோராம் வகுப்பு விடுதி மாணவிகள். பதினாறு பேர் ஒரே கூடத்தில் படுத்துறங்குகிறோம். எங்களுள் ஒருத்தி கீழ்ப்பழனி மலையிலுள்ள தாண்டிக்குடியைச் சேர்ந்தவள். அவளை ஊர்ப் பெயரைச் சொல்லியே அழைப்போம். அது செல்லப் பெயர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவள் என்ன நினைத்தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு பெற்றோர் வந்து பார்க்கும் நாள். எல்லார் வீட்டிலிருந்தும் முறுக்கும் மிக்சரும் வந்தன. அவளுடைய அப்பா ஒரு சாக்கைத் தோளில் சுமந்து வந்து, "எல்லாரும் சாப்பிடுங்கம்மா" என்று வைத்துவிட்டுப் போனார். உள்ளே ஏழெட்டுச் சீப்பு மலைவாழைப் பழம். அப்போதுதான் பழுக்கத் தொடங்கியிருந்தது. அவளும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தாள். நாங்கள் முறுக்கைத் தின்று தீர்த்தோம், பழத்தை மறந்தோம். அரையாண்டுத் தேர்வும் வந்தது. சாக்கு அவள் கட்டிலுக்கடியிலேயே கிடந்தது.

கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதற்காக ஒரு சனிக்கிழமை கூடத்தைப் பெருக்கினோம். சாக்கைப் பிரித்தால் பழங்களெல்லாம் கரிக்கட்டை போல் கறுத்திருந்தன. அவள் அப்போது துணி துவைக்கப் போயிருந்தாள். யார் செய்தது என்று கேட்காதீர்கள். ஒருத்தி மூக்கைப் பிடித்தாள், ஒருத்தி, "தாண்டிக்குடிச் சீதனம் அழுகிவிட்டது!" என்றாள், இருவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் உரக்குழியருகே போட்டார்கள், மற்றவர்கள் சிரித்தோம். ஆகவேதான் இக்கட்டுரையில் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

அவள் திரும்பி வந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். எங்களையும் ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

இரவு விளக்கணைந்த பின், போர்வைக்குள்ளிருந்து மெல்லச் சொன்னாள். அவர்கள் ஊரில் காப்பிச் செடிகளுக்கு நடுவே காலங்காலமாக மலைவாழை வளர்ப்பார்கள். முடிக்கொத்து நோய் வந்து தோட்டந்தோட்டமாக அழிந்துபோயிற்று. அசுவினிப் பூச்சியால் பரவும் நோய் அது. நோயுற்ற மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக் கன்று பார்வைக்குப் பச்சையாகவே இருக்குமாம். அதை நம்பி வேறிடத்தில் நட்டால் நோயும் கூடவே போய்விடுமாம். அவள் அப்பாவும் அப்படி நட்டு இரண்டு முறை ஏமாந்தவர். பிறகு நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைக் கடன் பட்டு வாங்கி நட்டு, ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்தார். அந்தத் தோட்டத்தில் வெட்டிய முதல் தார்தான் அது. "முதல் தாரை விற்க மனம் வரவில்லை, உன் கூட்டாளிகளுக்குக் கொடு என்றார்" என்றாள். சற்றுப் பொறுத்து, "அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்றாள்.

அன்றிரவு குளிர் அதிகம். ஆனால் எங்களுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் குளிர் அன்று.

விடிந்ததும் உரக்குழிக்கு ஓடினோம். சாக்கைக் காணவில்லை! சமையல் பாட்டி முன்தினமே அதை எடுத்துப்போய்ச் சமையற்கட்டில் மாட்டியிருந்தார். இரண்டு பழத்தை உரித்து எங்கள் கையில் வைத்து, "தின்று பார்த்துவிட்டா எறிந்தீர்கள்?" என்று கேட்டார். தோலுக்குள்ளே பழம் வெண்ணெய் நிறத்தில், தேன் போல் இனித்தது. அன்று எங்களால் பாட்டியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மனையியல் ஆசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை, பாடம் நடத்தினார். வாழை வெப்பநாட்டுப் பயிர். சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் அதன் தோல் குளிர் தாங்காமல் கறுத்துவிடும். குளிர்பெட்டியில் வைத்த வாழைப்பழம் கறுப்பதும் இதனால்தான். பழுத்த பழமாயின் உள்ளே சதைக்குக் கேடில்லை. மலைவாழையில் நீர்ச்சத்தும் குறைவு; எளிதில் குழைந்து கெடாது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் சேர்வது விருப்பாச்சி என்னும் இந்த மலைவாழைதான். அந்தப் பஞ்சாமிர்தம் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. "அழுகியது என்றீர்கள். நம் கொடைக்கானல் குளிர்தானம்மா அதைக் கறுப்பாக்கியது" என்றார் ஆசிரியை.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு இனிப்பு செய்யும் முறை அவ்வாண்டு எங்களுடையது. கடையில் கேக் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தோம். அதை விட்டு, இந்தப் பழத்தைக் கொண்டே சூடாக ஏதாவது செய்வது என்று முடிவு செய்தோம். ஆசிரியை 'கிரம்பிள்' என்ற பலகாரத்தைச் சொன்னார். அடியில் பழம், மேலே வெண்ணெயில் பிசிறிய மாவு, வேகவைத்துச் சுடச்சுடப் பரிமாற வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் பரவிய பலகாரமாம் இது. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீடு வந்தது. 1954 ஜூலையில்தான் உணவுப் பங்கீடு முழுவதும் நீங்கியது. மாவை உருட்டித் தேய்த்து 'பை' செய்ய வெண்ணெய் போதாத வீடுகளில், இருந்ததைக் கொண்டு மாவைப் பிசிறித் தூவினார்கள். இல்லாமையிலிருந்து வந்த பலகாரம் எங்களுக்குப் பொருத்தமாகவே பட்டது. ஏனெனில் எங்கள் விடுதியில் வேகவைக்க 'ஓவன்' கிடையாது.

ஓவனுக்கு வழி சொன்னவர் சமையல் பாட்டி. பெரிய அண்டாவில் நான்கு விரற்கடை ஆற்று மணல் பரப்பி, மூன்று கருங்கல் துண்டுகளை வைத்து, அரைமணி நேரம் காய விடவேண்டும். கல்லின்மேல் தட்டை இறக்கி, மூடி போட்டு, மூடியின்மேலும் தணல் பரப்பவேண்டும். மணல் சூட்டைப் பிடித்துவைத்து அடியிலிருந்து சீராகக் கொடுக்கும். மேல்தணல் மாவைச் சிவக்க வைக்கும்.

பழத்தைக் கையாளும் பொறுப்பைத் தாண்டிக்குடித் தோழியிடமே கொடுத்தோம். இல்லை, அவளே எடுத்துக்கொண்டாள். "மெலிதாக நறுக்கினால் கூழாகிவிடும், விரல் பருமன் வேண்டும். பழத்தில் சர்க்கரை போடாதீர்கள், அதன் இனிப்பே போதும்" என்று உத்தரவிட்டாள். கடைத்தெருவில் வாங்கிய இரண்டு கிலோ ஆப்பிளை நறுக்கிச் சேர்த்தோம். புளிப்புக்கு எலுமிச்சைச் சாறு, மணத்துக்கு ஏலக்காயும் பட்டைத் தூளும். மேலே தூவ மைதா ஒரு கிலோ, வெண்ணெய் அரைக்கிலோ, சர்க்கரை அரைக்கிலோ. புட்டுக்கு மாவு பிசிறுவது போல் விரல் நுனியால் பிசிறினோம். வெண்ணெய் உருகாமல் இருந்தால்தான் மாவு உதிரி உதிரியாக நிற்கும். எங்கள் விரல்களோ பனிக்கட்டி! அன்று ஒருநாள்தான் மார்கழிக் குளிருக்கு நன்றி சொன்னோம்.

முதல் தட்டு கெட்டது. வெந்துவிட்டதா என்று பார்க்கும் ஆவலில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்தோம். சூடு வெளியேறி மேல்மாவு வெளுத்தே கிடந்தது. அதை ஈடுகட்ட அடுப்பைத் தூண்டிவிட்டதில் அடி கருகியது. "பொறுக்கத் தெரியாதவர்களுக்கு அடுப்பு எதற்கு?" என்று பாட்டி எங்களை வெளியே துரத்தினார். அடுத்த இரண்டு தட்டையும் முக்கால் மணி நேரம் தொடாமல் விட்டோம். திறந்தபோது ஓரங்களில் பழச்சாறு கொப்பளித்துப் பாகாக நின்றது. மேலே மாவு பொன்னிறமாக மொறுமொறுத்தது. பொங்கலன்று பானை பொங்கும்போது எழும் ஆரவாரம் சமையற்கட்டில் எழுந்தது.

அன்றிரவு விருந்தில் ஒரு தட்டு நொடியில் தீர்ந்தது. ஆவி பறக்கும் கிண்ணத்தைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு சிறுமியர் உண்டார்கள். சிஸ்டர் எழுந்து, "செய்தது யார்?" என்று கேட்டார். நாங்கள் அவளைக் காட்டினோம். ஊர்ப் பெயரால் அல்ல. முதன்முறையாக அவள் பெயரைச் சொல்லி.

மற்றத் தட்டில் பாதியை எடுத்து வைத்தோம். மறுநாள் காலை விடுமுறைக்கு அவளை அழைத்துப் போக அப்பா வந்தார். மணலில் வைத்துச் சூடு பண்ணிக் கொடுத்தோம். வாயில் வைக்குமுன்னரே, "நம்ம தோட்டத்துப் பழமா?" என்றார். மணத்திலேயே தெரிந்துவிட்டது! பிறகு, "எவ்வளவு அருமையாகச் செய்திருக்கிறீர்கள்! நல்ல பிள்ளைகள்" என்றார்.

அந்தச் சொல்லைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. சொல்லமாட்டோம் என்று தோழிக்கு வாக்களித்திருந்தோம். அவளைப் பார்த்தோம்; அவள் தலையசைத்தாள். எறிந்ததையும் சிரித்ததையும் ஒன்று விடாமல் சொன்னோம்.

அவர் சிறிது நேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கஷ்டமாகத்தான் இருக்கிறதம்மா" என்றார். பொய்யாக 'பரவாயில்லை' என்று அவர் சொல்லவில்லை. பிறகு, "உங்களுக்காகக் கொண்டு வந்தேன். எப்படியோ உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது" என்று கிண்ணத்தை வழித்து உண்டார். "இவள் அம்மாவுக்குக் கொஞ்சம் கட்டிக் கொடுங்கள்" என்று கேட்டார்.

"பஸ்ஸில் போவதற்குள் ஆறிவிடுமே, அப்பா!" என்றோம்.

"ஆறினால் என்ன? வீட்டில் அடுப்பு இருக்கிறதே" என்றார்.

வாழையிலையில் பொதிந்து கொடுத்தோம். அவளும் அப்பாவும் பனியில் இறங்கிப் பேருந்து நிலையம் நோக்கி நடந்தார்கள். பொதியை அவள் சால்வைக்குள் வைத்துப் போனாள்.

இப்போது எங்கள் கூடத்தில் யார் வீட்டுப் பழம் வந்தாலும் உரித்துப் பார்த்த பிறகுதான் பேசுகிறோம். அன்புத் தங்கைகளே, அடுத்த மார்கழியில் நீங்களும் இப்பலகாரத்தைச் செய்து பாருங்கள். அண்டாவும் மணலும் பாட்டியிடம் இருக்கின்றன. மூடியை மட்டும் அடிக்கடி திறக்காதீர்கள்!