பச்சை லைட் எரியுதா?

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. பின்னேரம் ஆறு மணியில இருந்து நாடு முழுக்க ஊரடங்கு. கொழும்பில் எங்கட ஒபிஸில் இருந்த 14 கொம்பியூட்டர்களையும் ஆக்கள் வீட்டில இருந்து பாவிக்கிற மாதிரிச் செய்துபோட்டு, நானும் ஆறு மணிக்கு முதல் அறைக்குப் போய்ச் சேர வேணும்.

ரிமோட் டெஸ்க்டொப் ஒண்டும் பெரிய வித்தை இல்லை. ஒபிஸ் மெஷினில் விண்டோஸ் புரோ இருக்க வேணும்; வீட்டில என்ன விண்டோஸ் எண்டாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றிலும் அனுமதியைப் போட்டு, தானாக நித்திரைக்குப் போகாமல் நிப்பாட்டி, ஆருக்கு எந்த ஐபி என்று கொப்பித் தாளில் எழுதினேன். அவசரத்தில் ஒரு மடத்தனமும் செய்தேன். சேர்வரின் 3389 போர்ட்டை ரவுட்டரில் வெளியே திறந்துவிட்டேன். சனிக்கிழமை காலை லொக்கைப் பார்த்தால், 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெயரில் ஆரோ விடிய விடியக் கதவைத் தட்டியிருக்கிறான். ஆள்கூட இல்லை, திறந்த போர்ட்டைத் தேடித் திரியிற புரோகிராம். உடனே பூட்டிப்போட்டு விபிஎன் போட்டேன். அதை ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக் குடுத்து முடிக்க ஞாயிறு இரவாகிவிட்டது.

திங்கள் கரண்ட் போய் வந்தது. மெஷின்கள் எழும்பேல்லை. கரண்ட் வந்ததும் தானாக எழும்பவும், நெட்வேர்க் வழியாகத் தட்டி எழுப்பவும் பயோஸில் வசதி இருக்கு. ரெண்டையும் நான் போட்டு வைக்கேல்லை. 25ஆம் திகதிச் சம்பளக் கணக்கு, அணைஞ்சு கிடந்த கணக்குப் பிரிவு அக்காவின் மெஷினுக்குள்.

ஒபிஸில் இருந்த ஒரே ஆள் செக்கியூரிட்டி அண்ணை. ஹட்டன் பக்கம். மாறவேண்டியவர் வர ஏலாமல் போனதால் பகலும் இரவும் அவர்தான்.

"அண்ணை, மேல ஏறி, ஜன்னல் பக்கம் மூண்டாவது மேசை. கீழ பெட்டியில வட்டமா ஒரு பட்டன்."

"அமுக்கிட்டேன் தம்பி. பச்ச லைட்டு வந்துருச்சு. மத்ததையும் போட்டு விடவா?"

அதுக்குப் பிறகு கரண்ட் போய் வந்தால், நான் கேட்க முதலே படியேறி 14ஐயும் போட்டுவிட்டு மிஸ்ட் கோல் தருவார். அக்கா கணக்கை முடிச்சிட்டா. எங்கள் எல்லாருக்கும் 25ஆம் திகதி காசு விழுந்தது.

அந்தப் பட்டியலில் அவரின் பெயர் இல்லை. அவர் செக்கியூரிட்டிக் கொம்பனியின் ஆள். மார்ச் சம்பளம் வரவில்லை என்று ஏப்ரலில்தான் சொன்னார், அதுவும் போனுக்கு ரீலோட் போட்டுவிட ஏலுமா என்று கேட்கும்போது. முதலாளியிடம் சொன்னேன். "அது அவையின்ர பிரச்சினை" என்றார். நாங்கள் ஆறு பேர் கொஞ்சக் காசு சேர்த்தோம்.

ஜூனில் நான் ஒபிஸுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக எல்லா மெஷினிலும் பயோஸை மாற்றினேன். கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இனி நான் ஏற வேண்டியதில்லயா தம்பி?"

"இல்லை அண்ணை, இனித் தானா எழும்பும்."

அவரின் மார்ச் சம்பளம் அப்பவும் முழுசா வந்திருக்கேல்லை.