எழுந்திருக்காத லேப்டாப்பும் நான் சொன்ன தப்பும்

போன மாதம் காலை வழிபாட்டில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு எல்லோரும் கைதட்டினீர்கள். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தபடியே இரண்டாவது மாடியில் இருக்கும் லேப்டாப்பை ஆன் செய்ததற்காக. அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட பாதிக் கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் கம்ப்யூட்டர் லேப் மாடியில் மூலையில் இருக்கும் பழைய லேப்டாப்பை எல்லோருக்கும் தெரியும். நம் பள்ளியில் படித்த ஒரு அக்கா, பிளஸ் டூவில் தனக்குக் கிடைத்த அரசு மடிக்கணினியை வேலைக்குப் போனதும் பள்ளிக்கே கொடுத்துவிட்டுப் போனார். (விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலதான் தொடங்கியது, தெரியுமா?) பழைய வினாத்தாள், பாட வீடியோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. மற்ற கம்ப்யூட்டர்களும் ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரும் கேபிள் வழியாக அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

தினமும் காலையில் அதை ஆன் பண்ண கம்ப்யூட்டர் மிஸ் படியேறணும். லேப் சாவியை மாணவர்களிடம் கொடுக்கக் கூடாது என்பது ரூல். மிஸ்ஸுக்கோ மூட்டு வலி. ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறுவார். ராத்திரி முழுக்க ஆனிலேயே விடலாமா என்றால், நம் ஆவடி வெயிலில் பகலிலேயே அது தோசைக்கல் மாதிரி சுடும்.

அப்போதுதான் ‘வேக் ஆன் லேன்’ பற்றிப் படித்தேன். நாம் ஷட் டவுன் செய்தாலும் கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பகுதி முழுசாகத் தூங்குவதில்லை. கேபிள் சொருகும் நெட்வொர்க் கார்டு கொஞ்சூண்டு கரண்டை வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும். கேபிளில் ஒரு குறிப்பிட்ட செய்தி வந்தால் ‘எழுந்திரு’ என்று கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பும். அந்தச் செய்திக்கு மேஜிக் பாக்கெட் என்று பெயர். 1990களின் நடுவில் ஏஎம்டி நிறுவனம் கொண்டுவந்தது இது. 1997ல் ஐபிஎம்மும் இன்டெலும் சேர்ந்து வேக் ஆன் லேன் என்ற பெயரில் பரப்பின.

பேர்தான் மேஜிக், உள்ளே இருப்பது கணக்கு. முதலில் 6 பைட், எல்லாம் எஃப்எஃப். அது ‘கவனிக்கவும்’ என்பது மாதிரி. பிறகு அந்தக் கார்டின் 6 பைட் மேக் முகவரி, 16 தடவை. 6 + 96 = 102 பைட். ஆவடி ஸ்டேஷன் அறிவிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்தில் இருக்கிற எல்லார் காதிலும் விழும், ஆனால் யார் பேரைச் சொல்கிறார்களோ அவர்தான் திரும்பிப் பார்ப்பார். இதுவும் அப்படித்தான். பாக்கெட் அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லா மெஷினுக்கும் போகும். தன் முகவரியைக் கேட்ட கார்டு மட்டும் எழும்.

ஒரு வெள்ளிக்கிழமை மிஸ் அனுமதியோடு உட்கார்ந்தேன். பயாஸில் வேக் ஆன் லேனை ஆன் செய்தேன். பிறகு டிவைஸ் மேனேஜரில், கம்ப்யூட்டரை எழுப்பக் கார்டுக்கு அனுமதி கொடுத்தேன். லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் பக்கத்து கம்ப்யூட்டரிலிருந்து பாக்கெட் அனுப்பினேன். அசையவில்லை. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, ஒரு லேப்டாப்புக்கு இரண்டு மேக் முகவரி. ஒன்று வைஃபைக்கு, இன்னொன்று கேபிளுக்கு. நான் வைஃபை முகவரியை எழுதி வைத்திருந்தேன். வேற யார் பேரையோ சொல்லிக் கூப்பிட்டா யார் திரும்புவாங்க? சரியான முகவரியைப் போட்டதும் லேப்டாப் கண்ணைத் திறந்தது. நண்பர்கள் விசில் அடித்தார்கள். “திங்கட்கிழமை ஹெச்.எம். மேடம் முன்னாடி செஞ்சு காட்டறேன் மிஸ்” என்று பெருமையாகச் சொன்னேன். சாயங்காலம் வழக்கம்போல ஷட் டவுன் செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை ஸ்டாஃப் ரூமில் ஹெச்.எம். மேடம், மிஸ், இன்னும் நாலு டீச்சர். பாக்கெட் அனுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. பத்து தடவை அனுப்பினேன். மிஸ் பாவம், என்னோடு படியேறி வந்து லேப்பைத் திறந்தார். உள்ளே சுவிட்ச் போர்டில் எல்லாமே ஆஃப்.

“ஆயாதான் மேடம்! ஆயா சுவிட்ச்சை ஆஃப் பண்ணிட்டாங்க. அதனாலதான் வேலை செய்யல” என்றேன். சத்தமாகச் சொன்னேன். எனக்கு அப்போது பட்ட அவமானத்தை எங்கேயாவது இறக்கி வைக்கணும். ஆயாவைக் கூப்பிட்டு, பசங்க கஷ்டப்பட்டு செய்ததைக் கவனிக்க வேண்டாமா என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். துடைப்பத்தைப் பிடித்தபடி ஆயா, “பலகையில அப்படித்தானே எழுதியிருக்கு மேடம்” என்று மட்டும் சொன்னார். லேப் கதவுக்குப் பின்னால் அந்தப் பலகை இப்பவும் இருக்கிறது. ‘போகும்போது எல்லா சுவிட்ச்சையும் அணைக்கவும்.’

அன்று ராத்திரி லேப்டாப், நெட்வொர்க் சுவிட்ச் இரண்டின் பிளக்கையும் ஆனில் விட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை பாக்கெட் அனுப்பினேன். எழவில்லை! இந்தத் தடவை பழி போட யாரும் இல்லை.

வீட்டில் தாத்தாவிடம் புலம்பினேன். தாத்தா இங்கே டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். 1961ல் தொடங்கின தொழிற்சாலை, 1965ல் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்த இடம். மெஷின் ரிப்பேர் என்றால் தாத்தாவுக்குத் தனி உற்சாகம். எல்லாம் கேட்டுவிட்டு, “வேலை செஞ்சப்போ எப்படி இருந்துச்சு, செய்யாதப்போ எப்படி இருந்துச்சு? ரெண்டுக்கும் நடுவுல எது மாறிச்சுன்னு பாரு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சுவிட்ச்சை யாரு அணைச்சாங்கன்னு கேட்ட. எதுக்கு அணைச்சாங்கன்னு கேட்டியா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

முதல் கேள்விக்கு விடை மறுநாள் கிடைத்தது. வெள்ளிக்கிழமை எழுந்தபோது லேப்டாப் ஸ்லீப்பில் இருந்தது. திங்களும் செவ்வாயும் ஷட் டவுனில் இருந்தது. நான் சோதித்தது ஒன்று, தினமும் நடப்பது வேறொன்று! ஸ்லீப்பில் போட்டுப் பார்த்தேன். கேபிள் சொருகும் இடத்தில் குட்டிப் பச்சை விளக்கு எரிந்தது. ஷட் டவுன் செய்தேன். விளக்கு அணைந்துவிட்டது. கார்டே தூங்கிவிட்டால் யார் எழுப்புவது?

காரணம், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது கூடவே வந்த வசதி. அடுத்த முறை சீக்கிரம் ஆன் ஆவதற்காகப் பாதி வேலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணையும். அப்படி அணையும்போது நெட்வொர்க் கார்டை எழுப்பத் தயாராக வைப்பதில்லை. அதை ஆஃப் செய்தேன். கார்டின் செட்டிங்கில் ஷட் டவுனுக்குப் பிறகும் விழித்திருக்கும் வசதியை ஆன் செய்தேன். இப்போது ஷட் டவுன் செய்தும் பச்சை விளக்கு எரிந்தது. வியாழக்கிழமை காலை ஸ்டாஃப் ரூமிலிருந்து ஒரே ஒரு பாக்கெட். சற்று நேரத்தில் வினாத்தாள் ஃபோல்டர் திறந்தது. மிஸ் முகத்தைப் பார்க்கணுமே! அதற்குத்தான் உங்கள் கைதட்டல்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். திங்கட்கிழமை ஆயா சுவிட்ச்சை அணைக்காமலே விட்டிருந்தாலும் லேப்டாப் எழுந்திருக்காது. தப்பு என் செட்டிங்கில். மேடையில் நிற்கும்போது எனக்கு அது தெரியும். கடைசி வரிசைக்குப் பின்னால் ஆயா நின்று அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவரிடம் போனேன். “தப்பு என்னுதுதான் ஆயா” என்றேன். “அத்த வுடு கண்ணு” என்றார். எதுக்கு அணைப்பீங்க என்று கேட்டேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் லேப்பைத் திறந்தபோது ஒரே கருகல் வாசனையாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று ராத்திரி முழுக்க ஆனில் இருந்து உருகிப்போயிருந்ததாம். முதலில் பார்த்தவர் அவர்தான். அதற்குப் பிறகுதான் அந்தப் பலகை வந்தது. “புள்ளைங்க உக்கார்ற எடமாச்சே” என்றார். பிறகு, “அப்போ ராவெல்லாம் கரண்டு ஓடிக்கினே இருக்குமா?” என்று கேட்டார். இவ்வளவு நாளில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் ஹெச்.எம். மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் திட்டவில்லை. “நாலு பேர் முன்னாடி சொன்ன தப்பை நாலு பேர் முன்னாடிதான் திருத்தணும். சுவர் இதழ்ல எழுது” என்றார். ஆயா கேட்ட கேள்விக்காக எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி போர்டு போட்டாச்சு. லேப்டாப்புக்கும் நெட்வொர்க் சுவிட்ச்சுக்கும் மட்டும் அது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடையாது. சிவப்பு டேப் ஒட்டிய அந்த ஒரு சுவிட்ச் தவிர மற்றதெல்லாம் ஆயா எப்போதும்போல அணைப்பார். இடி மின்னல் இருந்தால் சிவப்பையும் அணைத்துவிடுவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாள் மிஸ் படியேறத்தான் வேண்டும். மிஸ்ஸே அதற்குச் சரி என்றார்.

உங்கள் வீட்டு லேப்டாப் எழவில்லையா? வரிசையாகப் பாருங்கள்:

1. கேபிள் கார்டின் மேக் முகவரிதானா? வைஃபை முகவரி இல்லையே?
2. சார்ஜர் சொருகி, சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? பெரும்பாலான லேப்டாப் பேட்டரியில் மட்டும் இருந்தால் காது கொடுக்காது.
3. நடுவில் உள்ள நெட்வொர்க் சுவிட்ச்சுக்குக் கரண்ட் வருகிறதா?
4. பயாஸிலும் விண்டோஸிலும் இரண்டு இடத்திலும் அனுமதி கொடுத்தாச்சா?
5. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆஃபா?
6. ஷட் டவுன் செய்த பிறகு பச்சை விளக்கு எரிகிறதா?
7. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். யாரையாவது குறை சொல்வதாக இருந்தால் இந்த ஏழையும் முடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு லேப்டாப்பை எழுப்ப அதன் முகவரியை 16 தடவை சொல்லணும் என்று மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு, ஆறாம் வகுப்பிலிருந்து பார்க்கும் ஆயாவின் பெயர் தெரியாது. அன்றுதான் கேட்டேன். இங்கே எழுதலாமா என்றதற்கு, “சொவுத்துலல்லாம் எம்பேரு எதுக்கு, வேணாம் கண்ணு” என்று சிரித்துவிட்டார். அதனால் எழுதவில்லை. நீங்களே போய்க் கேளுங்கள். சாயங்காலம் மணி அடித்த பிறகு இரண்டாவது மாடியில்தான் இருப்பார்.

மன்னிச்சிடுங்க ஆயா.

— பதினோராம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு