நெஞ்சு வலிக்குதாப்பா

நவம்பர் 3
ராத்திரி ஒன்பது மணி. அப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது. வாய்வு என்றார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்த கையோடு 14 மாத்திரை. ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. அந்த நர்ஸ் அக்கா நன்றாக இருக்கட்டும். 108-ல் மதுரை. வழியெல்லாம் அப்பாவின் பாதத்தைப் பிடித்திருந்தேன். சில்லென்று இருந்தது.

நவம்பர் 4
ட்ரோபோனின் ஏறியிருக்கிறது. அட்டாக்தான். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ. இடது மெயினில் 70 சதவீதம், மற்ற மூன்று குழாயிலும் அடைப்பு. திரையில் காட்டினார்கள். கறுப்புக் கோடு ஓரிடத்தில் நூலாகிவிடுகிறது. எக்கோவில் பம்பிங் 42. பைபாஸ்தான் என்றார் டாக்டர். சோறு இறங்கவில்லை.

நவம்பர் 5
உடனே செய்ய முடியாதாம். குளோபிடோகிரல் உடம்பில் இருக்கும்போது திறந்தால் ரத்தம் நிற்காது. புதுத் தட்டணுக்கள் ஊற வேண்டும். ஐந்து நாளாவது ஆகும். காப்பாற்றிய மாத்திரையே காக்கவும் வைக்கிறது. அதுவரை ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும்.
"நெஞ்சு வலிக்குதாப்பா?"
"இல்லம்மா."

நவம்பர் 6
சித்தப்பா போன். "ஸ்டென்ட் வெச்சு அனுப்பலாமே, எதுக்கு அறுக்கணும்?" ஆளாளுக்கு டாக்டர். இடது மெயின், மூன்று குழாய், சர்க்கரை. இப்படிப்பட்டவருக்கு பைபாஸ்தான் நெடுநாள் தாங்கும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது.
வலிக்குதாப்பா? இல்லையாம்.

நவம்பர் 7
ஊசி போட்டுப் போட்டு வயிறெல்லாம் நீலம். முதலமைச்சர் காப்பீட்டில் அனுமதி வந்துவிட்டது. அப்பாடா. கருவாட்டுக் குழம்பு வேண்டுமாம். கத்திவிட்டேன். அப்புறம் பாவமாக இருந்தது.
வலி இல்லை.

நவம்பர் 8
விடியக்காலை மூன்றரை. "லேசா வலிக்குது." நாக்குக்கடியில் மாத்திரை, ஈசிஜி, நைட்ரோ டிரிப். பத்து நிமிஷத்தில் அடங்கியது. எனக்கு அடங்கவில்லை. மறுபடி வந்தால் காத்திருக்க மாட்டோம் என்றார்கள். நாள் முழுக்க மானிட்டரையே பார்த்தேன். கண் எரிகிறது.

நவம்பர் 9
வலி இல்லை. தம்பியின் சிநேகிதர்கள் வந்து ரத்தம் கொடுத்தார்கள். மார்பையும் காலையும் மழித்தாயிற்று. மார்புச் சுவரின் உள்பக்கத் தமனியை இதயத்தின் முன்குழாயில் இணைப்பார்களாம். பத்து வருஷம் கழித்தும் அது பெரும்பாலும் திறந்தே இருக்கும் என்றார் சர்ஜன். மற்றதற்குக் காலிலிருந்து சிரை. அது அவ்வளவு தாங்காது. பத்து வருஷம். பத்து வருஷம்.

நவம்பர் 10
ஏழரைக்கு உள்ளே. இரண்டரைக்கு வெளியே. முடிந்தது. வாயில் குழாய், முகம் ஊதிக் கிடக்கிறார். தொடவிடவில்லை.

நவம்பர் 12
"நெஞ்சு வலிக்குதாப்பா?"
"வலிக்குது."
உயிரே போயிற்று. அதே வலியா என்று கேட்டேன். இல்லையாம், எலும்பு வலிக்குதாம். கம்பி போட்டு இறுக்கிய எலும்பு. வலிக்கட்டும்.

நவம்பர் 15
உறிஞ்சும் கருவியில் இரண்டு பந்து ஏறியது. மூன்றாவது அசையவில்லை. இருமினால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். காபியில் சர்க்கரை இல்லை என்று எரிந்து விழுந்தார். சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 18
டிஸ்சார்ஜ். மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது. வாழைத்தார் வெட்டத் தம்பிதான் போக வேண்டும். குளோபிடோகிரல் மறுபடி ஆரம்பம். பீடி இனி ஒன்றுகூடக் கூடாது. ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் ஆயுள் முழுக்க.