"இடையில் என்ன செய்தீர்கள்?"

தாழ்வுபாட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கும் அக்கா, சில வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம் கருவாடு காயப்போட்ட கையோடு வந்தார். "தங்கச்சி, இன்ரவியூக் கடிதம் வந்திருக்கு. நான் போகேல்ல."

மன்னார் நகரில் கணக்கு எழுதும் வேலை. நேர்முகப் பரீட்சைக்கு நான்கு நாள்களே இருந்தன.

அக்கா 1990இல் சிறுமியாகப் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனவர். திரும்பி வந்து மணம் முடித்தார். 2008இல் கணவர் காணாமல் போனார். "இவ்வளவு வருஷமும் என்ன செய்தனீங்கள் எண்டு கேட்டா? ஒண்டும் செய்யேல்ல எண்டுதானே சொல்லவேணும்."

எனக்கும் இது நடந்தது. சமூகவியல் பட்டத்தோடு போன முதல் நேர்முகப் பரீட்சையில், படிப்பில் ஏன் இடைவெளி என்றார்கள். அழுதுவிட்டேன். வேலை கிடைக்கவில்லை. அழுததைவிட, அதன் பின் வாய் திறக்காமல் இருந்ததே காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

இருவரும் கொப்பி ஒன்றை எடுத்து எழுதினோம். மாதர் சங்கச் சேமிப்புக் கணக்கு ஆறு வருடம் அவர் கையில். ஒரு சதம் பிசகவில்லை. எத்தனை கிலோ பச்சை மீன் காய்ந்தால் எத்தனை கிலோ கருவாடு, உப்புக்கு எவ்வளவு போகும், வியாபாரியிடம் எந்த விலைக்குக் கீழே இறங்கக்கூடாது, எல்லாம் மனக்கணக்கு. "இதெல்லாம் வேலையோ?" என்று சிரித்தார்.

சகோதரிகளே, சான்றிதழ்களுக்குக் கடிதம் வரும்வரை காத்திராதீர்கள். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிறப்புப் பதியப்பட்ட பகுதியின் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். நான்கு நாளில் வந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. நல்லகாலம், அக்கா முன்பே எடுத்து வைத்திருந்தார்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார். திருமணமானவரா, விதவையா? "விதவை எண்டு என்ர கையால எழுதமாட்டன்." நான் வற்புறுத்தவில்லை. இறந்தவர் என்று பதியாமல் காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெற 2016 முதல் சட்டத்தில் இடமுண்டு. அந்தச் சான்றிதழ் அவரிடம் இருந்தது. ஆனால் வாயால் சொல்லத்தான் முடியவில்லை.

"கணவர் 2008இல் காணாமல் போனார். பிள்ளைகளை அம்மா பார்ப்பார். வேலைக்கு நேரத்துக்கு வருவேன்." இந்த மூன்று வசனத்தையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து சொல்லிப் பழகினார். முதல் நாள் முதலாவது வசனத்திலேயே நின்றார். மூன்றாம் நாள் குரல் உடைந்தாலும் கடைசி வரை போனார். அதற்கு மேல் துருவினால், "வேலையைப் பற்றிக் கேளுங்கோ ஐயா" என்று சொல்லவும் பழகினோம். அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. மூன்று மாதத்தின் பின் அதே இடத்திலிருந்து இன்னொரு வேலைக்கு அழைத்தார்கள். இந்தமுறை அக்கா என்னிடம் வரவில்லை. பஸ் போன பிறகுதான் அவருடைய அம்மா வேலியோரம் வந்து, கருவாட்டைப் பிரட்டிவிடச் சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னார்.